டீச்சர் சொல்லிக் கொடுத்த மூன்று பதில்கள்

தலையில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும்.

மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வருவார். கூப்பிடாமலே கண் திறந்திருக்கிறதா, கூப்பிட்டால்தான் திறக்கிறாரா என்று பார்ப்பார். மூன்று கேள்வி கேட்பார். உங்கள் பேர் என்ன, இப்போது எங்கே இருக்கிறீர்கள், இது என்ன மாதம். என் விரலை இறுக்கிப் பிடியுங்கள் என்பார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டச் சொல்லி, மனதுக்குள் பத்து எண்ணுவார். ஏதாவது ஒரு கை தானாக இறங்குகிறதா என்று பார்க்கத்தான் அது. கடைசியாகச் சின்ன டார்ச்சைக் கண்ணில் அடித்து, நடுவில் இருக்கும் கறுப்புப் பாப்பா சுருங்குகிறதா என்று கவனிப்பார். கண்ணுக்கும் பேச்சுக்கும் அசைவுக்கும் மார்க் உண்டு. முழு மார்க் பதினைந்து. நாடியோடும் ரத்த அழுத்தத்தோடும் சேர்த்து அதையும் ஒரு தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவே மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு அந்தத் தாளைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

மூன்றாவது மாடி வார்டில் பதினெட்டு வருஷமாக அந்தத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தவருக்கு டார்ச் சிஸ்டர் என்று பெயர் நிலைத்துவிட்டது. டாக்டர்கள் டார்ச்சை இரவல் வாங்கினால் திருப்பித் தருவதில்லை. அதனால் இவர் தன்னுடையதைக் கெட்டி நூலில் சட்டைப்பையோடு கட்டிவைத்திருந்தார். இரவல் வேண்டுமென்றால் டாக்டர் நோயாளி மேல் குனியும்போது சிஸ்டரையும் கூடவே இழுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தெட்டு வயது. நாலு மாடிக் கட்டிடங்களில் ஏணி போட்டு ஏறி வயர் இழுத்த மனுஷன், சொந்த வீட்டுச் சமையலறையில் முக்காலி மேல் நின்று பல்பு மாற்றும்போது விழுந்துவிட்டார். காலை முறை நர்ஸ் பேர் கேட்டபோது, எழுதிவைத்துக்கொண்டே கேட்கிறீர்களே, மறதி உங்களுக்கா எனக்கா என்றாராம். தலைக்கு மேல் சுற்றிய ஃபேனைப் பார்த்து, கெப்பாசிட்டர் போய்விட்டது, இன்னும் பத்து நாள்தான் ஓடும் என்றும் சொன்னாராம். பதினைந்துக்குப் பதினைந்து.

ஸ்கேனில், இடது பக்கம் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் நகக்கனத்துக்கு ரத்தம் கசிந்திருந்தது. டியூட்டி டாக்டர் நின்றபடியே மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். நாளைக் காலைவரை கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம், தடுமாறினால் மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுக்க வேண்டியிருக்கும். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது.

அந்த அம்மாள் டியூஷன் டீச்சர். வீட்டு முன்னறையில் இருபத்தாறு வருஷமாகப் பாய் விரித்துப் பிள்ளைகளைப் பாஸ் பண்ண வைத்தவர். பாஸ் டீச்சர் என்றுதான் அந்தப் பக்கத்தில் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் கைகழுவின பிள்ளை இவரிடம் வந்தால் எப்படியாவது முப்பத்தைந்து வாங்கிவிடும். அவர் வழி எளிது. என்ன கேள்வி வரும், எந்த வரிசையில் வரும் என்று முதலில் கண்டுபிடிப்பார். பிறகு பதிலை அதே வரிசையில் நாக்கில் ஏறும்வரை சொல்ல வைப்பார். புரிவது பிறகு தானாக நடக்கும் என்பார். சிலருக்கு நடக்கவும் செய்தது.

அவருக்கு ஆபரேஷன் என்றால் அக்கா வீட்டுக்காரர்தான் நினைவுக்கு வருவார். அந்த மனுஷனுக்குத் தலையில் கட்டி. திறந்து எடுத்த பிறகு இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார். பெற்ற மகளை யாரோ என்று பார்த்தார். கட்டி வேறு, கசிவு வேறு. அதை அன்று டீச்சருக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு டார்ச் சிஸ்டர் முறை மாறி வந்தார். அப்போதும் பதினைந்து. அந்த நூலைப் பார்த்து, எர்த்திங் கொடுத்திருக்கிறீர்களா என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். சிஸ்டர் சிரிக்காமல் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் புள்ளி வைத்தார்.

இரண்டரைக்கு எலக்ட்ரீஷியன் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, இது யார் வீடு என்றார். கிண்டல் என்று நினைத்து டீச்சர் சிரித்தார். கொஞ்சம் கழித்து, இவங்க வீட்டுல எல்லாரும் ஏன் படுத்தே இருக்காங்க என்றார். இது ஆஸ்பத்திரி என்று டீச்சர் சொன்னதும், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். ஐந்து நிமிஷம் போகவில்லை, மறுபடியும், இது யார் வீடு.

கட்டில் தலைமாட்டில் அழைப்பு மணி இருந்தது. டீச்சரின் கை அதுவரை போனது. அமுக்கினால் என்ன ஆகும் என்று ஒரு கணம் யோசித்தார். தடுமாறினால் திறப்பார்கள். கையை எடுத்துக்கொண்டார். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து ஐந்து தடவை காதில் விழுந்திருந்த கேள்விகளுக்குப் பாடத்தை ஆரம்பித்தார். காலை நர்ஸும் மதிய நர்ஸும் ஒரே வரிசையில்தான் கேட்டார்கள். தாளில் அச்சடித்திருப்பதே அந்த வரிசையில்தான். எலக்ட்ரீஷியன் டியூஷன் பாயில் உட்கார்ந்த பையன் மாதிரி திருப்பிச் சொன்னார். முதலில் பேர், அப்பா பேரின் முதலெழுத்தோடு. இரண்டாவது ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி. மூன்றாவது ஜூலை. பன்னிரண்டு தடவை சொல்ல வைத்தார்.

மூன்று மணிக்கு சிஸ்டர் வந்தார், கேட்டார், மூன்றுக்கும் பதில் வந்தது. குரல் கொஞ்சம் தட்டையாக இருந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. காலையிலிருந்து பட்ட அலைச்சல் என்று எடுத்துக்கொண்டு பதினைந்து போட்டார்.

சிஸ்டர் போனதும் டீச்சர் கைகளையும் ஒத்திகை பார்த்தார். கண்ணை மூடி நீட்டச் சொன்னால், இடது கை அப்படியே நிற்கிறது. வலது கை உள்பக்கம் திரும்பி, ஈரத்துணி கொடியிலிருந்து நழுவுவது போல மெல்ல இறங்குகிறது. இதற்கு மனப்பாடம் உதவாது. அந்த வித்தியாசம் அவருக்கு நன்றாகத் தெரியும். செய்முறைத் தேர்வுக்கு அவர் ஒருநாளும் டியூஷன் எடுத்ததில்லை. ஆனால் செய்முறைத் தேர்வுக்கு வர முடியாத பிள்ளைக்கு லீவு லெட்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார்.

நாலு மணிக்கு சிஸ்டர் கையை நீட்டச் சொல்லுமுன், வலது தோளில் அடி, காலையிலிருந்து வலிக்குதுன்னு சொல்றார், தூக்கச் சொல்லாதீங்க என்றார். அந்த நேரம் பார்த்து அடுத்த கட்டிலுக்குப் புதிதாக ஒரு ஆளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சிஸ்டர் தோளைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். தொடவில்லை. வலது கை, தோள் வலி, சோதிக்கவில்லை என்று எழுதி, கண்ணில் டார்ச் அடித்து, இரண்டும் ஒன்றுபோல் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பதினெட்டு வருஷத்தில் அவர் எத்தனையோ பேருக்குத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். அன்று, கையில் பையோடு ஒழுங்காக உட்கார்ந்திருந்த ஒரு டீச்சர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.

இத்தனை நேரமும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது யாரிடமும் கேள்வி கேட்பதில்லை. நீங்கள் பதறாமல் கேட்க வேண்டும் என்பதற்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன், மனுஷன் சாகவில்லை. ஆனால் ஐந்து மணிக்கு அவர் சாகாமல் இருப்பது ஒரு மணிக்கட்டுப் பட்டையில் தொங்கியது.

ஐந்து மணிக்கு அவர் கண் மூடியிருந்தார். சிஸ்டர் குரல் கொடுத்த பிறகுதான் திறந்தார். நாடி பிடிக்கக் கையை எடுத்தபோது பேர் எழுதிய பட்டை முறுக்கிக்கொண்டிருந்தது. அதை நேராக்கிப் பேரைத் தானே வாசித்துவிட்டார். வாசித்த பேரை மறுபடி கேட்பானேன் என்று இரண்டாவது கேள்விக்குப் போனார்.

"இப்ப எங்க இருக்கீங்க ஐயா?"

எலக்ட்ரீஷியன் தன் பேரைச் சொன்னார், முதலெழுத்தோடு.

சிஸ்டர் அதே குரலில், இது என்ன மாதம் என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரி. மூணாவது மாடி."

சிஸ்டர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சரின் உதடுகள் மூன்றாவது பதிலைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன. பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் நின்றன.

சிஸ்டர் விரலை மேலே நீட்டி, இந்த ஃபேன் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டார். அவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"சுத்துது," என்றார்.

பிறகு சிஸ்டர் வலது தோளை நாலு பக்கமும் அமுக்கினார். எலக்ட்ரீஷியன் முகம் சுளிக்கவில்லை. இரண்டு கையையும் தானே தூக்கி நிறுத்திவிட்டு, கண்ணை மூடச் சொல்லி எண்ண ஆரம்பித்தார். நாலுக்குள் வலது கை போர்வையில் படுத்துவிட்டது.

டீச்சர் எழுந்து சிஸ்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தூக்கக் கலக்கம் என்றார். வீட்டிலும் மதியம் தூங்கி எழுந்தால் இப்படித்தான் உளறுவார் என்றார். இரண்டும் பொய் என்பது சொல்லும்போதே அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"எழுதிடாதீங்க சிஸ்டர். எழுதினா திறந்துடுவாங்க. எங்க அக்கா வீட்டுக்காரரை நான் பார்த்திருக்கேன்."

"எத்தனை மணியிலேருந்து இப்படி?"

"விடிஞ்சா வீட்டுக்குப் போயிடலாம்னு டாக்டரே—"

"டீச்சர், எத்தனை மணியிலேருந்து? அதை மட்டும் சொல்லுங்க."

கோபம் இருந்திருந்தால் டீச்சர் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார். அந்தக் குரலில் கோபம் இல்லை. டீச்சர் கையை எடுத்துக்கொண்டு, இரண்டரையிலிருந்து என்றார். தோள்வலியும் தானே கட்டிச் சொன்னது என்று கேட்காமலே சொன்னார்.

சிஸ்டர் போனை எடுத்தார். கூப்பிட்டால்தான் கண் திறக்கிறார், பேச்சு குழப்பம், வலது கை இறங்குகிறது, பதிமூன்று என்று டியூட்டி டாக்டரிடம் சொன்னார். எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். இரண்டரை என்றதும், மூன்றுக்கும் நாலுக்கும் பதினைந்து என்று தகவல் வந்ததே என்று அவர் குரல் உயர்ந்தது.

"அது ரெண்டும் தப்பு டாக்டர். நான் எழுதினதுதான். நீங்க ஸ்கேனுக்குச் சொல்லுங்க, நான் ஆளைக் கீழ கொண்டுவரேன்."

ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் தாளை முடிக்க வேண்டியிருந்தது. கூட இருந்த நர்ஸ், தோள்வலி என்று எழுதினதை மட்டும் லேசாகத் திருத்திவிட்டால் போதாதா, யாருக்குத் தெரியப் போகிறது என்று ஆதரவாகச் சொன்னாள். சிஸ்டர் மூன்று மணிப் புள்ளியையும் நாலு மணிப் புள்ளியையும் அழிக்கவில்லை. கீழே எழுதினார். முந்தைய இரண்டு பதிவுகளை நம்ப வேண்டாம். மனைவி பதில்களைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வலது தோளைத் தொட்டுப் பார்க்காமல் எழுதியது என் பிழை. கையெழுத்து, நேரம்.

காலையில் நகக்கனம் இருந்த ரத்தம் ஸ்கேனில் விரல்கனம் ஆகியிருந்தது. மூளையை இடமிருந்து வலமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் அறை ஐந்தாவது மாடியில். சம்மதக் கையெழுத்து மனைவி போட வேண்டும்.

லிஃப்டுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர் நின்றபோது டீச்சர் அந்தத் தாளைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆயிரம் பிள்ளைகளுக்குக் கையெழுத்தைத் திருத்தியவரின் பேனா எழுத மாட்டேன் என்றது. உதறிப் பார்த்தார். பேனாவில் பழுது இல்லை, மூடியைக் கழற்றவில்லை. கழற்றினார். எழுதாமல் சிஸ்டரைப் பார்த்தார்.

"நான் அந்த மணியை அமுக்கியிருந்தா?"

ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேருக்குச் சொன்னவர்தான் சிஸ்டர்.

"ரெண்டரை மணி நேரம் முன்னாடியே மேல போயிருப்பார். உங்க மேல பாதி, என் மேல பாதி. இப்பப் போட்டீங்கன்னா இப்பப் போறார்."

டீச்சர் போட்டார். அவர் எழுதிக்கொண்டிருந்தபோதே சிஸ்டர் குனிந்து எலக்ட்ரீஷியனின் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். வலது கண் உடனே சுருங்கியது. இடது கண் யோசித்துச் சுருங்கியது. லிஃப்ட் இரண்டாவது மாடியிலேயே நின்றுகொண்டிருந்தது. சிஸ்டர் ஸ்ட்ரெச்சரைத் திருப்பி, சாப்பாட்டு வண்டி போகிற லிஃப்டுக்குள் தள்ளச் சொன்னார். அதில் ஆள் ஏற்றக் கூடாது என்று காவலாளி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு மூடிவிட்டது.

ஆபரேஷன் இரண்டரை மணி நேரம் நடந்தது. டீச்சர் ஐந்தாவது மாடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முறை முடிந்த பிறகு சிஸ்டரும் வந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். ஒரு தடவை டீச்சர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், சிஸ்டர் வாங்கிக் குடித்தார். டாக்டர் வெளியே வந்து, எடுத்தாகிவிட்டது, கண் முழித்தால்தான் மற்றது தெரியும் என்றார்.

மறுநாள் தலைமை நர்ஸ் விளக்கக் கடிதம் கேட்டார். டார்ச் சிஸ்டர் தாளில் எழுதினதையே கொஞ்சம் நீட்டி எழுதிக்கொடுத்தார். ஒரு எச்சரிக்கை அவருடைய ஃபைலில் ஏறியது. வார்டில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. கேள்விகளை எந்த வரிசையிலும் கேட்கலாம், ஒரே கேள்வியை இரண்டு முறைக்கு மேல் கேட்கக் கூடாது, கூட இருப்பவர் ஐந்து நிமிஷம் வெளியே போக வேண்டும்.

எலக்ட்ரீஷியன் மறுநாள் மதியம் கண் முழித்தார். நாலாம் நாள் தலையில் கட்டோடு மூன்றாவது மாடிக்கே திரும்பி வந்தார். பேர் சொன்னார். இடம் சொன்னார். மாதம் மே என்றார். டீச்சர் அதற்குள் எழுந்து வராந்தாவுக்குப் போயிருந்தார். உள்ளே வந்ததும் எத்தனை மார்க் என்று கேட்டார். பதினாலு என்று சிஸ்டர் சொன்னார். எதில் போனது என்று டீச்சர் கேட்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய காரியம்.

அதற்குப் பிறகுதான் வார்டுக்குத் தலைவலி தொடங்கியது. டீச்சர் எதையும் மறைக்கக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டார். பிள்ளைகளின் பழைய ரூல் போட்ட நோட்டு ஒன்றில் மணி போட்டு எழுத ஆரம்பித்தார். பத்தேகாலுக்குச் சட்டைப் பொத்தான் தப்பான ஓட்டையில். பதினொன்றுக்கு டம்ளரை இடது கையில் பிடித்தார். பன்னிரண்டுக்கு இரண்டு கொட்டாவி. பார்க்கிற நர்ஸையெல்லாம் நிறுத்தி வாசித்துக்காட்டினார். சின்ன நர்ஸுகள் அவரைக் கண்டால் மருந்து அறைக்குள் புகுந்துகொண்டார்கள். டார்ச் சிஸ்டர் மட்டும் நின்று கேட்டார். டம்ளரை மட்டும் எழுதிக்கொண்டார். வலது கையில் பலம் குறைவு, பயிற்சி தேவை. கொட்டாவியை விட்டுவிட்டார்.

ஏழாம் நாள் மதியம் டீச்சர் வேகமாக நர்ஸுகளின் மேசைக்கு வந்தார். நோட்டைத் திறக்கவில்லை. அதனாலேயே சிஸ்டர் எழுந்துவிட்டார்.

"காலைலேருந்து ஒரு வார்த்தை பேசல சிஸ்டர். சாப்பிட்டார், முழிச்சுதான் இருக்கார். வாயைத் திறக்க மாட்டேங்கிறார். இதை எழுதணுமா வேணாமான்னு எனக்குத் தெரியல. நீங்களே வந்து பாருங்க."

பேச்சு நின்றுபோனது என்றால் இடது பக்கம் மறுபடி கசிகிறதா என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். சிஸ்டர் நடந்துதான் போனார், ஆனால் அந்த நடையைப் பார்த்து இரண்டு பேர் வழிவிட்டார்கள். டீச்சரை வெளியே நிற்கச் சொன்னார். கண் திறந்திருந்தது. விரலைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தார். கையை நீட்டச் சொன்னார், பத்து எண்ணும்வரை இரண்டும் நின்றன. வலது மட்டும் கடைசியில் லேசாக நடுங்கியது. தோளையும் அமுக்கிப் பார்த்தார். டார்ச் அடித்தார், இரண்டு பாப்பாவும் ஒரே நேரத்தில் சுருங்கின. எல்லாம் சரி. பேச்சு ஒன்றுதான் பாக்கி. என்ன கேட்பது என்று யோசித்துவிட்டு, காலையிலிருந்து ஏன் பேசவில்லை என்றே கேட்டார்.

எலக்ட்ரீஷியன் கதவுப் பக்கம் பார்த்தார். டீச்சரின் செருப்பு நுனி மட்டும் வாசலில் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எதைச் சொன்னாலும் நோட்டுல மணி போட்டு எழுதிக்கிறா சிஸ்டர். மூணு நாளா வாயைத் திறக்கவே பயமா இருக்கு."

சிஸ்டர் தாளை எடுத்தார். நேரம் போட்டார், புள்ளி வைத்தார், கோட்டை இழுத்தார். பதினைந்து. பிறகு வாசலுக்குப் போய், உள்ளே வரலாம், அந்த நோட்டை மட்டும் கொஞ்ச நேரம் என்னிடம் கொடுங்கள் என்று டீச்சரிடம் கையை நீட்டினார்.